டிமிர் ஃபேரிஸ் மிரர்: ஸ்னஃப் அவுட்டை எதுக்கு வைக்கணும்?

கேள்வி (ஈரத்தீவு):

மாஜிக் சீட்டாட்டம், காமன் கார்டு மட்டும் வச்சு ஆடற பாப்பர் ஃபார்மட். டிமிர் (நீலம்-கருப்பு) ஃபேரிஸ் டெக்: 4 ஃபேரி சியர், 4 ஸ்பெல்ஸ்டட்டர் ஸ்ப்ரைட், 4 நின்ஜா ஆஃப் த டீப் அவர்ஸ், 3 மூன்-சர்க்யூட் ஹேக்கர், 4 கவுன்ட்டர்ஸ்பெல், 4 ஸ்னஃப் அவுட், 2 காஸ்ட் டவுன், 1 தார்ன் ஆஃப் த பிளாக் ரோஸ். மீதி வழக்கமானதுதான். மத்த டெக் எதிர்ல சமாளிக்க முடியுது, மிரர்ல (எதிராளியும் இதே டெக் ஆடறப்ப) மட்டும் கை விட்டுப் போயிடுது. மூணு சந்தேகம்:

ஸ்னஃப் அவுட்டை (கருப்பு அல்லாத ஒரு கிரியேச்சரைக் கொல்லும், சுவாம்ப்ங்கற கருப்பு லேண்ட் இருந்தா மனாவுக்குப் பதிலா 4 லைஃப் கொடுத்துப் போடலாம்) முதல் டர்ன்லயே வர்ற சியர் மேல அடிக்கலாமா, அடி விழுந்தா கார்டு எடுத்துத் தர்ற நின்ஜாவுக்குக் காத்திருக்கணுமா? ஸ்ப்ரைட்டுக்கு ஸ்ப்ரைட்னு சண்டை வந்தா எந்த இடத்துல பதில் கொடுக்கணும்? சைட்போர்டுல (ஆட்டங்களுக்கு நடுவுல மாத்திக்கற கார்டுகள்) எதை எடுத்து எதை உள்ள போடறது?

பதில் 1 (சதுப்பு60):

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன். நின்ஜுட்சு (நின்ஜாவையும் ஹேக்கரையும் அட்டாக் நடுவுல மலிவா இறக்கற வழி) ஒரு ஸ்பெல் கிடையாது, எபிலிட்டி. கவுன்ட்டர்ஸ்பெல்லும் ஸ்ப்ரைட்டும் அதைத் தொடாது. பிளாக் ஆகாத ஒரு கிரியேச்சரைக் கைக்கு எடுத்துக்கிட்டுதான் நின்ஜா வரும், அதனால பிளாக்கர்ஸ் அறிவிச்ச பிறகுதான் வரவே முடியும். மிரரோட முதல் நாலு டர்ன் முழுக்க இந்த ஒரு இடத்தைச் சுத்தித்தான்.

எதிராளி சியரை வச்சு அட்டாக் பண்றார், ரெண்டு லேண்ட் திறந்திருக்குன்னு வைங்க. உங்க கையில ஸ்ப்ரைட் இருந்தா, அட்டாக்கர் அறிவிச்ச ஸ்டெப்லயே ஃப்ளாஷ் பண்ணி (எதிராளி டர்ன்லயே போட்டு) இறக்கி சியரை பிளாக் பண்ணுங்க. கவுன்ட்டர் பண்ண எதுவும் இல்லையேன்னு கையில வச்சிருக்கறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. பிளாக் ஆன சியரை வச்சு நின்ஜா வர முடியாது, அவ்வளவுதான் வேணும். பிளாக்கர்ஸ் ஸ்டெப் வந்தப்புறம் ஸ்ப்ரைட்டை இறக்கிப் பிரயோஜனமே இல்ல.

கையில ஸ்னஃப் அவுட் மட்டும் இருந்தா நேர் எதிர். பேசாம இருங்க. அவர் ரெண்டு மனா கொடுத்து, சியரைக் கைக்கு எடுத்து, நின்ஜாவை இறக்கட்டும். டேமேஜுக்கு முன்னாடி உங்களுக்கு பிரையாரிட்டி (பதில் கொடுக்கற வாய்ப்பு) வரும், அங்க கொல்லுங்க. அவருக்கு டர்ன் போச்சு, மேசையும் காலி. சியர் மேல அடிச்சிருந்தா 4 லைஃப் கொடுத்து ஒரு மனா கார்டைத்தான் வாங்கியிருப்பீங்க.

பதில் 2 (கடைசி_ட்ரிக்கர்):

ஸ்ப்ரைட் சண்டை வெறும் எண்ணிக்கைக் கணக்கு. ஸ்ப்ரைட் மேசைக்கு வந்தா, மனா வேல்யூ (கார்டுல அச்சான மனா விலை) X வரைக்கும் உள்ள ஒரு ஸ்பெல்லைத் தடுக்கும். X-ங்கறது அதைப் போட்டவர்கிட்ட இருக்கற ஃபேரிகளோட எண்ணிக்கை, ஸ்ப்ரைட்டையும் சேர்த்து. டார்கெட் எடுக்கும்போது ஒரு தடவை பார்ப்பாங்க, ட்ரிக்கர் ரிசால்வ் ஆகும்போது மறுபடியும் பார்ப்பாங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நம்ம வேலை. நின்ஜாவும் ஹேக்கரும் ஃபேரி கிடையாது, அவசரத்துல அதையும் சேர்த்து எண்ணிடாதீங்க.

எதிராளி மேசையில ஒரு சியர், ஒரு நின்ஜா. நீங்க நின்ஜா மேல காஸ்ட் டவுன் அடிக்கறீங்க, மனா வேல்யூ 2. அவர் பதிலுக்கு ஸ்ப்ரைட் போடறார். ஸ்ப்ரைட் ஸ்பெல்லா ஸ்டேக்ல (ஸ்பெல்லெல்லாம் நடக்கக் காத்திருக்கற இடம்) இருக்கும்போது ஒண்ணும் பண்ணாதீங்க. அது மேசைக்கு வந்து, ட்ரிக்கர் காஸ்ட் டவுனை டார்கெட் பண்ணட்டும். இப்போ X = 2. இங்க ஸ்ப்ரைட் மேல ஸ்னஃப் அவுட். X ஒண்ணாயிடும், டார்கெட் செல்லாது, ட்ரிக்கர் புஸ்ஸுனு போயிடும், காஸ்ட் டவுன் நின்ஜாவைக் கொல்லும். காஸ்ட் டவுனுக்கு மேல மனா செலவே இல்லாம அவரோட ரெண்டு கார்டு போச்சு.

சியரைக் கொன்னாலும் X குறையும்தான். ஆனா ஸ்ப்ரைட் உயிரோட இருந்தா அடுத்த நின்ஜுட்சுல கைக்குப் போய் இன்னொரு கவுன்ட்டரா திரும்பி வரும். கொல்ல வேண்டியது ஸ்ப்ரைட்டைத்தான்.

இதே இடத்துல அவர்கிட்ட ரெண்டு சியர் இருந்தா கதை மாறிடும். X = 3. ஒண்ணைக் கொன்னாலும் 2 மிச்சம், காஸ்ட் டவுன் அப்பவும் கவுன்ட்டர் ஆகும், உங்க ஸ்னஃப் அவுட்டும் 4 லைஃபும் தண்டம். அந்த நேரத்துல ஸ்ப்ரைட் ஸ்பெல்லா இருக்கும்போதே கவுன்ட்டர்ஸ்பெல் போடணும். X-உம் டார்கெட்டோட மனா வேல்யூவும் சரிசமமா இருந்தா காத்திருங்க. X அதிகமா இருந்தா முன்னாடியே அடிங்க.

இன்னொண்ணு: ஸ்னஃப் அவுட்டுக்கு லைஃப் கொடுத்தாலும் அதோட மனா வேல்யூ 4 தான். ஸ்ப்ரைட்டால அதைத் தடுக்க நாலு ஃபேரி வேணும், அதாவது நடைமுறையில கவுன்ட்டர்ஸ்பெல்தான் வழி. காஸ்ட் டவுன் அப்படி இல்ல, ஒரு சியரோட ஸ்ப்ரைட் வந்தாலே போச்சு. அதனால ரெண்டும் கையில இருந்தா, எதிராளி டேப் அவுட் ஆன (லேண்ட் எல்லாத்தையும் செலவழிச்ச) நேரம் காஸ்ட் டவுன், மனா திறந்து வச்சிருக்கற நேரம் ஸ்னஃப் அவுட்.

ஈரத்தீவு:

X சரிசமம்ங்கறது இப்போ விளங்குச்சு, நன்றி. ஒரு இடம் மட்டும் இடிக்குது. நான்தான் முதல்ல ஆடறேன், ரெண்டு பேருமே டர்ன் 1 சியர். என் டர்ன் 2-ல அவர் சியர் என் சியரை பிளாக் பண்ணிடுமே. அப்பவும் ஸ்னஃப் அவுட்டைப் பிடிச்சு வைக்கணுமா?

பதில் 3 (அக்விஃபர்):

இல்ல, அங்க அடிச்சிடுங்க. சதுப்பு60 சொன்னது தற்காப்புக்கு. முதல்ல ஆடறவருக்கு அந்த ஒரு டர்ன் தங்கம், ஏன்னா எதிராளிகிட்ட ஒரே லேண்ட்தான், ஸ்ப்ரைட் போட மனா இல்ல. சியரைக் கொன்னு, அட்டாக் பண்ணி, நின்ஜாவை இறக்கினா கார்டு நிச்சயம். அவர் பதிலுக்கு ஸ்னஃப் அவுட் அடிக்கணும்னா சுவாம்ப் வேணும். முதல் லேண்ட் ஐலண்டா இருந்தா அதுக்கும் வழியில்ல.

உங்க லேண்டையும் பாருங்க. ரெண்டாவது லேண்ட் பேசிக் சுவாம்ப்னா ஸ்னஃப் அவுட்டும் நின்ஜாவும் ரெண்டும் நடக்கும், ஆனா அடுத்த டர்ன் ஐலண்ட் வராட்டி கவுன்ட்டர்ஸ்பெல்லுக்கு ரெண்டு நீலம் இருக்காது. கன்டாமினேட்டட் அக்விஃபரோ ஐஸ் டனலோ போட்டா அது டேப் ஆகித்தான் வரும். சுவாம்ப்னு கணக்காகறதால ஸ்னஃப் அவுட் நடக்கும், மிச்சம் ஒரு நீலம்தான். அங்கதான் ஹேக்கர். நின்ஜுட்சுக்கு ஒரே நீலம், வந்த டர்ன்லயே அடிச்சா டிஸ்கார்ட் இல்லாம கார்டு. லோரியன் ரிவீல்ட் வச்சிருந்தா ஐலண்ட்சைக்கிளிங்ல அக்விஃபரையே தேடி எடுக்கலாம். பிரெய்ன்ஸ்டார்ம் போட்டு வேண்டாததை மேல வச்சிருந்தா, ஷஃபிள்ல அதுவும் கலைஞ்சிடும்.

இப்படி அடிக்கறது ஒரு தடவைதான். ரெண்டு ஸ்னஃப் அவுட்னா 20-ல இருந்து 12. மூணாவது அடிச்சா 8, அதுக்கப்புறம் பறக்கற 1/1 கூட்டமே உங்களை முடிச்சிடும்.

சைட்போர்டுக்கு: ஹைட்ரோபிளாஸ்ட் சிவப்புக்கு மட்டும்தான், அது வெளியிலயே கிடக்கட்டும். தார்னை எடுத்துடுங்க. அது தர்ற மோனார்க் பட்டம் டர்ன் முடிவுல ஒரு கார்டு தரும்தான், ஆனா உங்களை அடிச்சவருக்கு அது போயிடும். தார்ன் தரையில நிக்குது, எதிராளியோட ஃபேரி எல்லாம் பறக்குது. ஒரு சியர் அடிச்சா கிரீடம் அவர் தலையில. அவர் மேசை காலியா இருந்து, உங்ககிட்ட ஆறு லேண்டும் கவுன்ட்டர்ஸ்பெல்லும் இருந்தா சரி. அவ்வளவு இருந்தா தார்ன் இல்லாமலே ஜெயிப்பீங்க. ஒரு ஸ்னஃப் அவுட்டையும் எடுங்க.

உள்ள போட வேண்டியது ரெண்டு சஃபோகேட்டிங் ஃப்யூம்ஸ். எதிராளி கிரியேச்சர் எல்லாத்துக்கும் -1/-1 தர்ற இன்ஸ்டன்ட், மனா வேல்யூ 3. ஸ்ப்ரைட் ட்ரிக்கர் ஸ்டேக்ல இருக்கும்போது அடிச்சா சியர், ஸ்ப்ரைட், ஹேக்கர் எல்லாம் சாகும், X பூஜ்யம். மேல சொன்ன ரெண்டு சியர் சிக்கலுக்கும் இதுதான் மருந்து. நின்ஜா 2/2 மட்டும் தப்பிக்கும். வேலையில்லாட்டி ரெண்டு மனாவுக்கு சைக்கிள் பண்ணிக்கலாம் (அதை வீசிட்டு வேற கார்டு எடுக்கறது). ஆர்ம்ஸ் ஆஃப் ஹடார் நின்ஜாவையும் கொல்லும், ஆனா சார்சரி. உங்க டர்ன்ல நாலு மனா டேப் பண்ணி ஒரு கவுன்ட்டர்ஸ்பெல் வாங்கினா எழுந்திருக்கறது கஷ்டம்.

பதில் 4 (சதுப்பு60):

அக்விஃபர் சொன்ன டர்ன் 2 கணக்கை ஒத்துக்கறேன், முதல்ல ஆடும்போது மட்டும். ரெண்டாவதா ஆடினா உங்க டர்ன் 2-ல அவர்கிட்ட ரெண்டு லேண்ட் இருக்கும், ஸ்ப்ரைட்டை ஃப்ளாஷ் பண்ணி பிளாக் பண்ணிடுவார்.

தேடும்போது பழைய நீல மிரர் கட்டுரைகள் கிடைச்சா தேதியைப் பாருங்க. டேஸ், கஷ், கிடாக்சியன் ப்ரோப் மூணும் 2019 மே மாசம் தடையாச்சு. அதுக்கு முந்தி எழுதினதுல "ஒரு மனா எப்பவும் மிச்சம் வை"ன்னு இருக்கும், அது டேஸுக்குச் சொன்னது, ஒரு மனா கட்டாத ஸ்பெல்லை அது இலவசமா தடுக்கும். இப்போ எதிராளி டேப் அவுட்னா உங்க ஸ்பெல்லைத் தடுக்க இந்த டெக்ல வழக்கமா ஒண்ணும் இல்ல. இலவசமா வர்றது ஸ்னஃப் அவுட் ஒண்ணுதான், அது கிரியேச்சரைத்தான் தொடும், அதுவும் கருப்பு அல்லாததை. டெக்ல இடம் இருந்தா குர்மாக் ஆங்ளர் ஒண்ணு வைக்கச் சொல்றது அதனாலதான்: கருப்பு 5/5, மனா வேல்யூ 7, ஸ்ப்ரைட்டும் எட்டாது ஸ்னஃப் அவுட்டும் எட்டாது. காஸ்ட் டவுனுக்கு மட்டும் ஒரு கவுன்ட்டர்ஸ்பெல் ஒதுக்கி வைங்க.