மர வரிசைக்கு நடுவில் எத்தனை வெள்ளாமை?

மரக்காணம் பக்கத்திலிருந்து:
எங்கள் பகுதியில் சவுக்கு நட்டவர்கள் முதல் ஆண்டு இடைவெளியைச் சும்மா விடுவதில்லை. மணற்பாங்கான நிலம், மணிலா (நிலக்கடலை) போடுவோம், இல்லாவிட்டால் தர்ப்பூசணி. மணிலாவுக்குப் பாய்கிற தண்ணீரிலேயே கன்றும் பிழைத்துக்கொள்ளும். களைவெட்டுக் கூலியும் ஒன்றோடு போகும். இரண்டாம் ஆண்டு அவ்வளவுதான்; நெருக்கி நட்ட சவுக்குக்குள் ஆள் நுழைவதே பாடு. மூன்று நான்கு ஆண்டில் காகித ஆலைக்கு வெட்டப்போகிற மரம் என்பதால் யாரும் அதற்கு மேல் ஆசைப்படுவதில்லை.

பவானி பக்கத்திலிருந்து:
நான் வைத்திருப்பது மலைவேம்பு, 12 அடிக்கு 12 அடி. முதல் ஆண்டு உளுந்தும் சின்ன வெங்காயமும் நன்றாகவே வந்தன. அடுத்த ஆண்டு மஞ்சளுக்கு மாறினேன். மஞ்சள் ஓரளவு நிழல் தாங்கும். தவிர, மலைவேம்பு மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்ப்பதால் கிழங்கு முற்றுகிற நேரத்தில் வெயில் இறங்குகிறது.

உழவில்தான் கவனம் வேண்டும். டிராக்டர்காரர் மரத்தை ஒட்டியே கலப்பையை ஓட்டப் பார்ப்பார், மேல்வேர் அறுந்துவிடும். நான் முன்னால் நடந்து, வரிசையின் இருபுறமும் மூன்றடி விடச் சொல்வேன். களை எடுக்கிற அதே ஆட்களை வைத்துப் பக்கக் கிளைகளையும் கிள்ளிவிடுகிறேன். பிஞ்சுக் கிளை விரலாலேயே ஒடியும். விட்டுவிட்டால் மரத்தில் கணு விழும், பிளைவுட்டுக்கு வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

கன்று விற்பவர்கள் தாளில் போட்டுக் காட்டும் கணக்கில் மட்டும் இடைப்பயிர் ஆறு ஆண்டும் முழு மகசூல் தருகிறது. அந்தத் தாளில் நிழலே விழுவதில்லை போலும்!

திருப்பத்தூர் பக்கத்திலிருந்து:
சந்தனத்தில் கதை தலைகீழ். பக்கத்தில் வேறு செடி இல்லாவிட்டால் அது தேறாது. அதன் வேர் மற்றச் செடியின் வேரைப் பற்றி நீரும் சத்தும் உறிஞ்சும். நாற்றுப் பையில் அதற்குத் துணை பொன்னாங்கண்ணி, நிலத்துக்கு வந்தபின் துவரை. ஒருமுறை மண்ணைப் பறித்துப் பார்த்தேன். துவரை வேரில் சந்தன வேர் சட்டைப் பொத்தான்போலப் பதிந்திருந்தது. இழுத்தாலும் பிரியவில்லை. துவரை சில ஆண்டுகளில் பட்டுப்போகும் என்பதால் முன்கூட்டியே அகத்தியும் சவுக்கும் நட்டுவிட்டேன்.

2002 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டா நிலத்துச் சந்தனம் வளர்ப்பவருக்கே சொந்தம். ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்கில், மரங்களை ஏற்றி வைப்பது நல்லது.

பவானி பக்கத்திலிருந்து:
சந்தனம் அப்படி உறிஞ்சினால் துவரை காய்க்குமா?

திருப்பத்தூர் பக்கத்திலிருந்து:
காய்க்கிறது. கன்றின் மேல் கவியாமல் அடிக்கடி கவாத்து செய்வதால் விளைச்சல் குறைவு. வீட்டுச் சாம்பாருக்குப் போதும், மண்டிக்கு மூட்டை கட்ட முடியாது.