பதரிதழ்: ஒரு சொல் முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

காசு வாங்கிக்கொண்டு, கட்டுரையைச் சரிபார்க்காமலே வெளியிடும் ஆய்விதழை ஆங்கிலத்தில் ‘predatory journal’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று நம் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். மதுரை ஐயா ‘இரைகொல்லி இதழ்’ என்ற சொல்லை முன்வைத்ததிலிருந்து எனக்கு அதே நினைவுதான். உயிரியல் பாடத்தில் புழங்கும் சொல், ஆங்கில மூலத்துக்கும் நேராக இருக்கிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

மூலச்சொல்லை 2010 வாக்கில் பரப்பியவர் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக டென்வர் வளாக நூலகர் ஜெஃப்ரி பீல். அப்படி இதழ் நடத்தும் பதிப்பகங்களைப் பட்டியல் போட்டார். 2017 ஜனவரியில் அந்தப் பட்டியலை எடுத்தும் விட்டார். அவர் வைத்த பெயரில் இதழ் வேட்டை விலங்கு, ஆய்வாளர் இரை. ஏமாந்தவர்களுக்கு அது பொருந்தும். பதவி உயர்வுக்கு இரண்டு கட்டுரை குறைகிறதே என்று தெரிந்தே பணம் கட்டுகிறவரையும் இரை என்று எப்படிச் சொல்வது? பழி இடம் மாறிவிடுகிறது.

கோவை அம்மா சொன்ன ‘கட்டண இதழ்’ வேண்டவே வேண்டாம். திறந்த அணுகல் முறையில், அதாவது யாரும் காசில்லாமல் படிக்கும்படி, நேர்மையாக நடக்கும் நல்ல இதழ்கள் பலவும் ஆசிரியரிடம் கட்டணம் வாங்குகின்றன. ‘போலி இதழ்’ நல்ல சொல்தான், ஆனால் அது வேறொன்றுக்கு வேண்டும். நடந்துகொண்டிருக்கும் ஓர் இதழின் பெயரையும் அடையாள எண்ணையும் அப்படியே திருடி, வேறு இணையதளம் வைத்துக் கட்டுரை வாங்குகிறார்களே, அதுதான் போலி.

நான் சென்னையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். போன வருடம் ஓர் ஆய்வு மாணவி மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். அனுப்பிய நாலாவது நாளே கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, பணம் கட்டலாமா என்று கேட்டாள். சரி, கட்டுரையைக் காட்டு என்றேன். ஏழாம் பக்கத்தில் ‘அட்டவணை 3இல் காண்க’ என்று இருந்தது. கட்டுரையில் அட்டவணை 3 இல்லவே இல்லை. அவசரத்தில் விட்டுவிட்டிருக்கிறாள். ‘இரு வல்லுநர்கள் மதிப்பாய்வு செய்தனர்’ என்று கடிதம் சொல்கிறது, அட்டவணை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினாள். அதற்கும் பணம் கேட்டார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு இந்தச் சொல் வந்தது: பதர்.

மதுராந்தகம் பக்கம் எங்கள் களத்தில் அம்மா காற்று வாக்கில் நின்று முறத்தால் தூற்றுவார். மணி காலடியில் விழும், பதர் தள்ளிப் போய் விழும். குவியலில் கிடக்கும்போது இரண்டுக்கும் நிறம் ஒன்று, உருவம் ஒன்று. விரலால் நசுக்கினால்தான் உள்ளே அரிசி இல்லை என்று தெரியும். இந்த இதழ்களும் அப்படித்தான். ஐ.எஸ்.எஸ்.என். உண்டு (அது அடையாள எண் மட்டுமே, தரச் சான்று இல்லை). ஆசிரியர் குழு உண்டு, எவரோ விற்ற ‘தாக்கக் காரணி’ (இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) கூட உண்டு. உள்ளே இருக்க வேண்டிய சகமதிப்பாய்வு (அதே துறை வல்லுநர்கள் கட்டுரையைப் படித்துச் சரிபார்ப்பது) மட்டும் இல்லை. 2013இல் சயன்ஸ் இதழுக்காகச் செய்தியாளர் ஜான் பொஹானன் செய்ததும் தூற்றிப் பார்க்கிற வேலைதான். பிழைகள் வெளிப்படையாகத் தெரியும் ஒரு கட்டுரையைப் புனைந்து 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

சொல்லுக்கு வயதும் உண்டு. பயனற்ற சொல்லைப் பாராட்டுகிறவனை வள்ளுவர் ‘மக்கட் பதடி’ என்கிறார். பதடி என்றாலும் பதர்தான்.

இன்னொரு வசதியும் கிடைக்கிறது. பால் சரியாகப் பிடிக்காமல் அரைகுறையாக விளைந்த நெல்லைக் கருக்காய் என்போம். துறைப் பேராசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து, தாமதமாகவேனும் நேர்மையாக மதிப்பாய்வு செய்து நடத்தும் சிற்றிதழ் கருக்காயாக இருக்கலாம், பதர் ஆகாது. இந்த வேறுபாட்டை நான் விடமாட்டேன். 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு, தான் ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அப்புறம் அதற்குப் பதிலாக ‘கேர்’ என்ற புதிய பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். இனி அந்தந்தக் கல்லூரியே தூற்றிப் பார்க்க வேண்டும். கையில் முறம் வந்துவிட்ட நேரத்தில் கருக்காயையும் சேர்த்து வெளியே வீசிவிடக் கூடாது.

மாநாட்டுக்கும் இதே சொல் போதும்: பதர் மாநாடு. கணினி அறிவியலில் நல்ல மாநாட்டுக் கட்டுரைக்கு இதழ்க் கட்டுரைக்குச் சமமான மதிப்பு உண்டு. அதனால் அங்கே பெயர் பிரித்துச் சொல்வது இன்னும் அவசியம். பொறியியலும் மருத்துவமும் மேலாண்மையும் ஒரே ஓட்டல் அறையில், ஆளுக்குப் பத்து நிமிடம் என்று நடப்பதையும் மாநாடு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எழுதும்போது ‘பதரிதழ்’ என்று சேர்த்து எழுதலாம் என்பது என் எண்ணம். பிரித்தால்தான் மாணவர்களுக்குப் புரியும் என்று நினைப்பவர்கள் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். தெரிந்தே பதரிதழில் எழுதுகிறவருக்கு மட்டும் தனிப்பெயர் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.