புதுப்பிப்பு: பி0171 எரர் கோட், காரணம் கிடைத்துவிட்டது

ஒன்பது வருஷப் பெட்ரோல் கார், செக் இன்ஜின் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது, ஸ்கேனரில் பி0171 (காற்றுக்குத் தக்க பெட்ரோல் இல்லை என்ற எரர் கோட்), மெக்கானிக் ஆக்ஸிஜன் சென்சாரை (புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளப்பது) மாற்றச் சொல்கிறார் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சென்சாரை மாற்றவில்லை. ஃப்யூயல் ட்ரிம்மை (கலவையைச் சரிசெய்ய இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்) ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஒரு தடவை, 2500 ஆர்பிஎம்மில் ஒரு தடவை பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனைதான் பலித்தது. ஐடிலிங்கில் லாங் டெர்ம் ட்ரிம் (கம்ப்யூட்டர் நாள்பட கற்றுவைத்த திருத்தம்) +23%, 2500-இல் வெறும் +6%. ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதனால் எங்கோ ஓட்டை வழியாக நுழையும் காற்று கலவையை ரொம்பவே கெடுக்கும். ஆர்பிஎம் ஏறினால் அதன் பங்கு சிறுத்துவிடும். உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு என்றால் பெரும்பாலும் நேர்மாறாக, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறும்.

ஓட்டை இருந்தது பிசிவி ஹோஸில் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவைக் காற்றுப் பாதைக்குத் திருப்பிவிடும் குழாய்). சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், வளைவின் அடிப்பக்கம். மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. கையை விட்டுத் தடவியபோது வெடிப்புக்குள் நகம் இறங்கியது. புது ஹோஸ் மாட்டி, கோட் அழித்து, நான்கு நாள் ஓட்டினேன். ஐடிலிங்கில் இப்போது +3%. விளக்கு திரும்ப எரியவில்லை.

ஆக, ஆக்ஸிஜன் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பி0171 என்றால் முதல் பேங்க்கில் (சிலிண்டர் வரிசையில்) காற்றுக்குத் தக்க பெட்ரோல் இல்லை என்று மட்டுமே அர்த்தம்.

எதிர்பாராத ஒன்று: கோட் அழித்தபோது ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரமும் (கோட் பதிவான நேரத்தில் இன்ஜின் இருந்த நிலை) சேர்ந்து போய்விட்டது. அழிக்கும் முன் அதை ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.