கம்பனி நட்டத்தில போகேக்க ஜெட்டை ஏன் அடிமாட்டு விலைக்கு விக்கிறாங்கள்?

உப்புவெளி_ரியூஷன்_சேர் கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். நான் உப்புவெளியில ஏ.எல். பிள்ளையளுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறன். நிலையான சொத்து அகற்றல், அதாவது கம்பனி பாவிச்ச சொத்தை வித்துக் கழிக்கிற பாடம் எடுத்துக்கொண்டிருக்கேக்க பின் வாங்கில இருக்கிற பொடியன் ஒருத்தன் எழும்பி, சேர் 2008 நிதி நெருக்கடியில அமெரிக்கக் கம்பனியள் தங்கட பிரைவேட் ஜெட்டை எல்லாம் வந்த விலைக்கு வித்தவங்களாமே, எல்லாரும் ஒரே நேரம் வித்தா விலை விழும் எண்டது சின்னப்பிள்ளைக்கும் தெரியும், அவ்வளவு படிச்சவங்கள் ஏன் கொஞ்சக் காலம் நிப்பாட்டி வச்சிட்டு நிலைமை சரியான பிறகு விக்கேல்ல எண்டு கேட்டான். ஞாயமான கேள்வி.

எனக்கும் யோசனையாக் கிடக்கு, ஏனெண்டா எங்கட ஊரில 2022இல நடந்தது நேர்மாறு. பெற்றோலுக்கு நாள்கணக்கா வரிசை, பிறகு கியூஆர் கோட்டா, ஓடுறதுக்கு எண்ணெய் இல்ல, ஆனா பழைய வான் விலை இறங்கவே இல்ல. வருசக்கணக்கா ஓடின டொல்பின் வானை வாங்கின விலைக்கு மேல வித்த ஆக்களை எனக்கே தெரியும். அப்ப ஜெட்டுக்கு மட்டும் ஏன் இப்பிடி? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, அடுத்த வகுப்பில அவன் என்னை விடமாட்டான்.

கொட்டியாரம்_கணக்கன்:

சேர், வான் விலை ஏறினது இறக்குமதித் தடையால. 2020 மார்ச்சில வாகனம் இறக்கிறதை நிப்பாட்டினாங்கள், புதுசு வராது எண்டா பழசு தான் ராசா, அதுக்கு மேல 2022இல டொலர் 200இல இருந்து ரெண்டு மூண்டு மாசத்தில 360க்குப் போச்சு, அப்ப ரூபாயில வான் விலை எப்பிடி இறங்கும்?

ஜெட் சந்தையில அப்பிடி ஒரு தடையும் இல்ல. இன்னும் மோசம், புதுசு வந்துகொண்டே இருந்தது. ஜெட் எண்டது இண்டைக்கு ஓடர் குடுத்து ரெண்டு மூண்டு வருசம் கழிச்சுக் கையில கிடைக்கிற சாமான், 2006, 2007இல காசு புழங்கின நேரம் குடுத்த ஓடர் எல்லாம் சரியா நெருக்கடி நேரம் பாத்து வாசலில வந்து நிக்குது. ஸ்டார்பக்ஸ் கதை இதுக்கு நல்ல உதாரணம். 2008 டிசம்பரில 45 மில்லியன் டொலருக்குப் புத்தம் புது கல்ஃப்ஸ்ட்ரீம் 550 ஒண்டை எடுத்தாங்கள், அதே காலத்தில நூற்றுக்கணக்கில கடையளை மூடி ஆக்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தாங்கள், விசயம் பேப்பரில வர அடுத்த மாசமே அந்த ஜெட்டை விற்பனைக்குப் போட்டாச்சு.

2009இல உலகத்தில இருந்த பிஸ்னஸ் ஜெட்டில கிட்டத்தட்ட ஆறில ஒண்டு விற்பனைக்கு நிண்டது. வாங்கிறது ஆர்? ஜெட்டுக்கு லோன் குடுத்த வங்கியளே அரசாங்கத்தைப் பிடிச்சுத் தொங்குது. கையில காசோட வந்தவன் சொன்னது தான் விலை. புது ஜெட்டும் 2008இல 1300க்கு மேல டெலிவரி ஆனது, 2009இல 870 மட்டில.

ஒண்டு மட்டும், நெருக்கடி எண்டா ஜெட் விலை விழும் எண்டு பொடியனுக்கு விதி மாதிரிச் சொல்லிப்போடாதேங்கோ. கொரோனா நேரம் காசுக்காரர் சனத்தோட சேர்ந்து பறக்கப் பயந்து பழைய ஜெட்டைத் தேடித் தேடி வாங்கினாங்கள், 2021 முடியேக்க சந்தையில நல்ல ஜெட் கிடைக்கிறதே கஷ்டம்.

சீனக்குடா_இப்ப_கட்டார்:

சேர் நான் கட்டாரில எயார்போட்டில பிரைவேட் ஜெட் நிக்கிற பக்கம் தான் வேலை செய்யிறன். "நிப்பாட்டி வச்சா என்ன" எண்டு கேட்ட பொடியனை ஒரு நாள் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்து காட்டோணும்.

வானை மாமரத்துக்குக் கீழ விட்டு மூடிப்போட்டுப் போகலாம். ஜெட்டை அப்பிடி விட ஏலாது. ரெண்டு எஞ்சின் வாயும் மூடி அடைக்கோணும், வேகம் அளக்கிற சின்னக் குழாயளுக்குச் சிவப்பு உறை போடோணும், போடாட்டி பூச்சி போய்க் கூடு கட்டும், அது பறக்கேக்க ஆளைக் கொல்லும். நீண்ட நாளுக்கு எண்டா எஞ்சினுக்குள்ள ஈரம் உறிஞ்சிற பக்கட் வைக்கோணும், டயர் ஒரே பக்கம் அமுங்கிப் போகாம இடைக்கிடை நகர்த்தோணும், அல்லாட்டி குறிச்ச நாளுக்கு ஒருக்கா எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஓட விடோணும். இதெல்லாம் செஞ்சு ஒவ்வொண்டுக்கும் கையெழுத்து வேணும், ஒரு கையெழுத்து விடுபட்டாலும் வாங்க வாறவன் அதைப் பிடிச்சு விலையைக் குறைப்பான். அதோட பறந்தாலும் பறக்காட்டியும் இத்தனை மாசத்துக்கு ஒருக்கா செக் எண்டு இருக்கு, பெரிய செக் ஒண்டுக்கே காசு கொட்டும். நிக்கிற இடத்துக்கு வாடகை, இன்சூரன்ஸ், பைலட்மாருக்குச் சம்பளம், அவங்களை வருசா வருசம் சிமுலேட்டருக்கு அனுப்பிற செலவு, பறக்காட்டியும் எல்லாம் ஓடும்.

நிப்பாட்டி வச்சா என்ன நடக்கும் எண்டதுக்கு இந்திய முதலாளி விஜய் மல்லையாட ஏர்பஸ் ஏ319 பிரைவேட் ஜெட்டைச் சொல்லுங்கோ. வரிப் பாக்கிக்காக இந்திய சேவை வரித் திணைக்களம் அதை எடுத்துப்போட்டுது, மும்பாய் எயார்போட்டில வருசக்கணக்கா நிண்டது, 2016 ஏலத்தில 152 கோடி இந்திய ரூபாய் எண்டு ஆகக்குறைந்த விலை வச்சா வந்த கேள்வி 1.09 கோடி! கடைசியா 2018இல 34.8 கோடிக்குப் போனது. காத்திருந்ததுக்குக் கிடைச்சது அவ்வளவு தான்.

நிலாவெளி_மச்சான்:

அண்ணைமார் சொல்லுறது எல்லாம் சரி, ஆனா காசுக்காக வித்தவங்கள் எண்டு ஆரும் சொன்னா நான் நம்பமாட்டன். எல்லாம் படம் காட்டுறது.

2008 நவம்பரில ஜிஎம், ஃபோர்ட், கிரைஸ்லர் மூண்டு கார்க் கம்பனித் தலைவர்மாரும் 25 பில்லியன் டொலர் கடன் கேட்டு வாஷிங்டனுக்குப் போறாங்கள். மூண்டு பேரும் போனது ஆளுக்கொரு ஜெட்டில. காங்கிரஸ்காரர் ஒருத்தர், பிரட் ஷெர்மன், நேராக் கேட்டார், சாதாரணப் பயணிகள் பிளேனில வந்த ஆக்கள் கையைத் தூக்குங்கோ எண்டு. ஒருத்தரும் தூக்கேல்ல. சரி ஜெட்டை இப்பவே வித்துப்போட்டு சாதாரண பிளேனில திரும்பிப் போறவை? அதுக்கும் ஒரு கையும் எழும்பேல்ல. டிவியில முழு நாடும் பாத்துக்கொண்டிருக்கு. அடுத்த மாசம் அதே ஆக்கள் டெட்ரொய்ட்டில இருந்து 800 கிலோமீற்றருக்கு மேல தங்கட ஹைபிரிட் காரில வந்திறங்கினாங்கள், ஜிஎம்மும் ஃபோர்டும் ஜெட்டுகளை விக்கிறம் எண்டும் அறிவிச்சாச்சு.

இப்ப கணக்குப் பாருங்கோ சேர், உங்கட பாடம் தானே. ஜிஎம் 2008இல விட்ட நட்டம் 30 பில்லியன் டொலருக்கு மேல. ஒரு நல்ல ஜெட் 50 மில்லியன் எண்டு வச்சாலும் நட்டத்தில ஆயிரத்துக்கு ரெண்டு பங்கு கூட வராது. சிட்டி குழுமமும் அப்பிடித்தான், அரசாங்கத்திட்ட 45 பில்லியன் வாங்கிப்போட்டு 50 மில்லியன் மட்டில வாற ஃபால்கன் 7எக்ஸ் ஜெட்டை எடுக்கப் பாத்தாங்கள், நெருக்கடிக்கு முதலே குடுத்த ஓடர் எண்டு விளக்கம் வேற, 2009 ஜனவரியில ஒபாமா அரசாங்கம் முறைச்ச உடன கைவிட்டாங்கள். ஃபோர்ட் தன்ட ஜெட்டுகளை வித்தது, ஆனா அப்ப தலைவரா இருந்த முலாலிக்குப் பாதுகாப்புக் காரணம் எண்டு சொல்லி சார்ட்டர் (வாடகை) ஜெட்டுக்குக் கம்பனி தான் காசு கட்டினது. ஜெட் போச்சு, ஜெட்டில போறது போகேல்ல 😂

கொட்டியாரம்_கணக்கன்:

தம்பி படம் எண்டது பாதி உண்மை, மறுக்கேல்ல. ஆனா கடன் குடுக்கிறவன் முன்னால நிக்கேக்க படமும் காசு தான். 50 மில்லியன் ஜெட்டால 25 பில்லியன் கடன் இழுபடுமெண்டா எந்தக் கணக்காளனும் ஜெட்டை வில் எண்டு தான் சொல்லுவான், என்ன விலைக்குப் போனாலும்.

அந்தப் படத்துக்கு விலை குடுத்தது வேற ஆக்கள் எண்டதையும் சேர்த்துப் பார். கன்சாஸில விசிட்டா எண்டு ஒரு நகரம், செஸ்னா, ஹோக்கர் பீச்கிராஃப்ட் எல்லாம் அங்க தான், ஊரே பிளேன் செஞ்சு சாப்பிடுற ஊர். செஸ்னா கிட்டத்தட்டப் பாதி ஆக்களை நிப்பாட்டினது, கொலம்பஸ் எண்ட பெரிய ஜெட் திட்டத்தை 2009இல கைவிட்டது, ஹோக்கர் பீச்கிராஃப்ட் 2012இல வங்குரோத்து. ஜெட்டில பங்கு விக்கிற நெட்ஜெட்ஸ், வொரன் பஃபெட்ட கம்பனி, அது கூட 2009இல வரிக்கு முதல் 711 மில்லியன் டொலர் நட்டம், பழைய ஜெட்டுகளிட பெறுமதியை ஏட்டில வெட்டினதும் அதுக்குள்ள. ஜெட்டில போன முதலாளி காரில போய்ச் சமாளிச்சிட்டார், றிவெட் அடிச்சவனுக்குத் தான் வேலை போனது.

உப்புவெளி_ரியூஷன்_சேர்:

நல்ல விளக்கம், எல்லாருக்கும் நன்றி. கட்டார் தம்பி, பூச்சிக் கதையை வகுப்பில சொல்லப்போறன். கணக்கன், இதை அகற்றல் கணக்கில ஒருக்கா போட்டுக் காட்டுங்கோவன், அவன் அடுத்ததா அதைத் தான் கேப்பான். விக்காட்டி நட்டமும் இல்லைத் தானே சேர் எண்டு நிப்பான்.

கொட்டியாரம்_கணக்கன்:

சும்மா ஒரு இலக்கம் வைப்பம் சேர். கிரயம் (வாங்கின விலை) 40 மில்லியன், திரண்ட பெறுமானத்தேய்வு (தேய்மானமா இதுவரை கழிச்சது) 12, ஏட்டுப் பெறுமதி (மிச்சம்) 28. வித்தது 20க்கு எண்டா அகற்றல் நட்டம் 8, அது இலாப நட்டத்தில. ஆனா காசுப்பாய்ச்சல் கூற்றில 20 மில்லியன் உள்ளுக்கு வருது, அடுத்த மாசத்தில இருந்து ஹாங்கர் வாடகையும் பைலட் சம்பளமும் இல்ல. காசுக்கு அந்தரிக்கிற கம்பனி பாக்கிறது அந்த 20ஐத் தான்.

விக்காட்டி நட்டம் இல்லை எண்டு நிண்டா எல்கேஏஎஸ் 36ஐக் காட்டுங்கோ, சொத்திட பெறுமதி விழுந்தா என்ன செய்யோணும் எண்டு சொல்லுற இலங்கைக் கணக்கீட்டு நியமம் அது. சந்தையில 20 தான் போகும், பாவிச்சும் அதுக்கு மேல உழைக்காது எண்டு தெரிஞ்சா ஏட்டில 28ஐ வச்சிருக்க ஏலாது, வித்தாலும் விக்காட்டியும் இறக்கிக் காட்டோணும். பிறகு விக்கிறது எண்டு முடிவெடுத்து விற்பனைக்கான சொத்தா ஒதுக்கினா அண்டையில இருந்து பெறுமானத்தேய்வை நிப்பாட்டோணும், பொடியள் கனபேர் விடுற பிழை அது தான், விக்கிற நாள் வரைக்கும் தேய்ச்சுக்கொண்டே போவாங்கள். இவ்வளவும் ஏ.எல்.க்கு வராது எண்டு நினைக்கிறன், ஆனா உங்கட பின் வாங்குக்காரனுக்குத் தேவைப்படும்.