அந்தப் பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பலாமா? மிஷன் ஊழியர்கள் பற்றி ஒரு விவாதம்

மஸ்கெலியா வாசகன்:
இலங்கை மலையகத்தில் எங்களுக்கு அடுத்த தேயிலைத் தோட்டத்தில் நடந்துவரும் ஒன்றைப் பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். அங்கே எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பிறந்தது முதல் பெருமூளை வாதத்தோடு இருக்கிறாள். நடக்கவோ பேசவோ இயலாது, ஆனால் உருண்டு நகர்வாள். தாயும் தகப்பனும் காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) போகும்போது, இடுப்பைப் பழைய சீலையால் கட்டில் காலோடு கட்டி, லயத்துக் காம்பராவை (தொழிலாளர் வரிசை வீட்டின் அறையை) பூட்டிவிட்டுப் போவது வழக்கமாக இருந்திருக்கிறது. மூன்று மாதங்களுக்கு முன் பக்கத்துக் காம்பராவுக்கு ஜெபத்துக்கு வந்த மிஷன் ஊழியர்களான இரு பெண்கள், முனகல் கேட்டு விசாரித்து, சாவி வைத்திருந்த பாட்டியிடம் கேட்டு உள்ளே போயிருக்கிறார்கள். அன்று தொடங்கி வாரத்தில் நான்கு நாட்கள் வந்து குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்கைப் புண்ணுக்கு மருந்திட்டு, கிளினிக்குக்கும் தூக்கிச் செல்கிறார்கள். இப்போது வேறு மாவட்டத்திலுள்ள தங்கள் சிறுவர் இல்லத்தில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். தகப்பன் சம்மதிக்கிறார், தாய் மறுக்கிறார். இதனால் தோட்டமே இரு கட்சியாகி நிற்கிறது.

சிவனடியார்:
அவ்விருவரும் செய்த பணிவிடையை நான் குறை கூறவில்லை. ஆனால் பக்கத்துக் காம்பராவுக்கு அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1854இல் கண்டியைத் தளமாகக் கொண்டு, கோப்பித் தோட்டத்து மக்களுக்கென்றே 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பட்ட நாள்முதல், நம்மவருக்குக் கிடைத்த எழுத்தறிவும் மருந்தும் போதனையோடு சேர்த்துப் பொதியப்பட்டே வந்தன. 2003இல் கத்தோலிக்க அருட்சகோதரிகளின் சபை ஒன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தை ஆராய்ந்த நமது உயர் நீதிமன்றம், மதபோதனையையும் பொருளுதவியையும் ஒன்றாகச் சேர்ப்பது மதச் சுதந்திரத்தைக் காக்கும் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரைக்கு ஒவ்வாது என்றது. பெரியவர்கள் மதம் மாறினால் அது அவர்களின் விருப்பம் என்று விட்டுவிடலாம். பேச்சே வராத பிள்ளையிடம் யார் விருப்பம் கேட்பது? குளிப்பாட்டியபின் நெற்றியில் விபூதி இடாமலே விடுகிறார்கள் என்று பாட்டி வருந்துவதாகவும் கேள்விப்பட்டேன்.

மலைநாட்டு ஊழியன்:
நான் அந்த மிஷனைச் சேர்ந்தவன் அல்லன், வேறொரு திருச்சபையில் பணிபுரிகிறேன். ஐயா கூறிய தீர்ப்பு உண்மைதான். ஆயினும் அதே வழக்கில் அச்சகோதரிகள் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் முறையிட்டு, அவர்களின் மதச் சுதந்திரம் மீறப்பட்டதாக 2005இல் அக்குழு கண்டதையும் சொல்லியிருக்கலாம். காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் 1912இல் பாடசாலை திறந்தவர்களும் மிஷனைச் சேர்ந்தவர்களே. விபூதியைப் பற்றிக் கேட்கிறீர்கள், சரி. அந்தப் பிள்ளையின் புண்ணைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் கோயில் குழுவோ தொழிற்சங்கத் தலைவரோ ஒருமுறையாவது கேட்டார்களா?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் முகநூலில் பிள்ளையின் முகம் தெரியும் படத்தை 'பெற்றோரால் கைவிடப்பட்ட பிள்ளை' என்ற வாசகத்தோடு இட்டிருப்பதை நானும் பார்த்தேன். அது தவறு.

பிள்ளைமடுவத்து ஆயா:
முப்பது ஆண்டுகள் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைமடுவத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். மதத்தைப் பற்றி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மடுவத்தில் ஐந்து வயது வரைதான் பிள்ளைகளை வைத்துக்கொள்வோம். அதற்குமேல் பள்ளிக்கூடம். சட்டப்படி ஐந்து முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்றாலும், மலசலகூடத்துக்குத் தானாகப் போகத் தெரியாத பிள்ளையைச் சேர்க்கும் தோட்டப் பள்ளிக்கூடத்தை நான் கண்டதில்லை. ஆகவே ஐந்தாவது பிறந்த நாளோடு அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பகலில் போக இடமில்லாமல் போகிறது. அடுப்பும் கட்டிலும் ஒரே காம்பராவில் இருக்கின்றன. உருண்டு போகும் பிள்ளையை அடுப்பிலிருந்து தள்ளி வைப்பதற்கு அந்தத் தாய்க்குக் கிடைத்த ஒரே வழி சீலைத்துணி. அதைச் சரி என்று நான் சொல்ல வரவில்லை. நாள் முழுவதும் ஒரே கிடையாகக் கிடந்தால் தசை இறுகி மூட்டு மடங்கிப்போகும், புண்ணும் வரும். மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலில் சளிச்சுரத்தைக் கொண்டுவரும். அவ்விரு ஊழியர்களும் முதுகுக்குத் தலையணை கொடுத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதை நான் நேரில் போய்ப் பார்த்தேன். கைதேர்ந்த வேலை.

ஆனால் அவர்கள் வருவது காலை பத்து மணிக்கு. தாய் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அவர்கள் ஊட்டுவதைத் தாய் பார்த்ததில்லை, தாய் ஊட்டுவதை அவர்களும் பார்த்ததில்லை. தாய் இல்லாத நேரத்தில் வந்து பார்ப்பவர்களுக்குப் பிள்ளை கைவிடப்பட்டதாகத்தானே தெரியும்?

சிவனடியார்:
ஆயா அம்மா சொன்னது எனக்குத் தோன்றாத கோணம். இருந்தாலும் இல்லத்துக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். அங்கே போனபின் அந்தப் பிள்ளை எந்தப் பெயரில் வளர்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

அரைப்பேர்:
பெயரைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நானும் தோட்டத்தில் வேலை செய்தவள். என் மகனும் இதே நிலையில் பிறந்தவன். அவனுக்கு ஒன்பது வயதானபோது, மதச்சார்புள்ள ஓர் இல்லத்தில் நானே கொண்டுபோய் விட்டேன். வேலைக்குப் போகாவிட்டால் பேர், அதாவது அன்றைய கூலிக்கணக்கு, விழாது. பிள்ளைக்கு வலிப்பு வந்து பாதியில் ஓடிவந்தால் அரைப்பேர், அரைநாள் கூலிதான். 2024இன் உயர்வில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் ஆனது என்கிறார்கள். எங்கள் காலத்தில் அதில் பாதிகூடக் கிடையாது. அதிலும் பாதியை இழந்து மாதக்கடைசியில் கடைக்காரர் முன்னால் நின்றவர்களுக்குத்தான் 'கைவிட்டவள்' என்ற சொல்லின் பாரம் தெரியும்.

இல்லத்தில் அவனை நன்றாகப் பார்த்தார்கள். புண் ஆறியது, உடம்பு தேறியது. எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பஸ்ஸுக்குப் பணம் சேரும். நான்காவது தடவை போனபோது அவர்கள் அவனைச் சுருக்கமான வேறொரு பெயரால் கூப்பிட்டார்கள், அவன் சிரித்தான். நான் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு மாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிட எளிதாக இருந்திருக்கும், அவ்வளவுதான். விட்டதற்காக வருந்துகிறேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னோடு இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்பதும் சந்தேகமே. ஆகவே ஊழியன் தம்பியும் சிவனடியார் ஐயாவும் அந்தத் தாயின் சார்பில் அவசரப்பட்டு முடிவு சொல்ல வேண்டாம்.

மலைநாட்டு ஊழியன்:
அக்கா, உங்களுக்கு நான் எதிர்வாதம் செய்யப்போவதில்லை. சட்டத்தின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 23ஆம் உறுப்புரை, பிள்ளையின் இயலாமையைக் காரணமாகக் கொண்டு பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கக்கூடாது என்கிறது. தகப்பன் ஒருவர் கடதாசியில் ஒப்பமிட்டார் என்பதற்காக எந்த இல்லமும் பிள்ளையைத் தூக்கிச் செல்வது முறையல்ல. பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவித்து, அந்த இல்லம் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு பெற்றதா என்றும் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்களாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

சிவனடியார்:
இதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன்.

மலைநாட்டு ஊழியன்:
இல்லை ஐயா. நீங்கள் சொன்னது அவர்கள் உள்ளே வரக்கூடாது என்பது. நான் சொல்வது பிள்ளை வெளியே போகக்கூடாது என்பது. இரண்டும் ஒன்றல்ல.

மஸ்கெலியா வாசகன்:
இங்கே எழுதப்பட்டவற்றைப் படித்தபின், ஞாயிற்றுக்கிழமை ஆயா அம்மாவோடு அந்த லயத்துக்குப் போய்வந்தேன். இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து பேசினோம். தாய் சொன்னதை அப்படியே தருகிறேன்: "காலையில வர்ற அக்காமாரு சாயந்தரம் வந்தா நானும் பக்கத்துல நின்னு பழகிக்குவேன். புள்ளைய மட்டும் கேக்காதீங்க." ஊழியர்களிடம் இதைச் சொன்னோம். செவ்வாயும் வெள்ளியும் மாலையில் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். விபூதியைப் பாட்டி தன் கையாலேயே இட்டுவிடுகிறார், அதை யாரும் தடுக்கவில்லை.

பகல் பொழுதுக்கு என்ன செய்வது என்பதற்குத்தான் இன்னும் விடை இல்லை. தகப்பனும் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறவில்லை. பிள்ளைமடுவத்தின் பின்னறையில் பகலில் இவளை வைத்துக்கொள்ளவும், அதற்கென ஓர் ஆளை நியமிக்கவும் அனுமதி கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். வியாழக்கிழமை சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் வரும்போது அவரிடமும் ஒரு பிரதி கொடுப்போம். இதுவரை நாற்பத்தொரு ஒப்பங்கள் சேர்ந்திருக்கின்றன.

சிவனடியார்:
கோயில் குழுவின் சார்பில் என் ஒப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆளுக்கு முதல் ஆறு மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் குழு கொடுக்க முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன். ஆனால் முகநூலிலுள்ள அந்தப் படத்தை வியாழனுக்கு முன் எடுக்கச் சொல்லுங்கள்.