சைட்டில் வருகைப் பதிவு மெஷினும் ஆப்பும் வந்த பிறகு: உங்கள் அனுபவம் என்ன?

சைட் இன்ஜினியர், பள்ளிக்கரணை

அடுக்குமாடி சைட். கைரேகை மெஷின் மாட்டிய முதல் வாரம். கலவை தூக்கும் சித்தாள் அக்கா ஒருவர் விரலை வைக்கிறார், 'ட்ரை அகைன்' என்கிறது. முந்தானையில் துடைத்துவிட்டு வைக்கிறார். தண்ணீரில் கழுவிவிட்டு வைக்கிறார். பெருவிரல், ஆள்காட்டி விரல், அப்புறம் இடது கை. எதையும் எடுக்கவில்லை. பின்னால் வரிசை கேட்டைத் தாண்டிவிட்டது, ஆட்கள் கத்துகிறார்கள்.

கையை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினார். விரல் நுனியெல்லாம் வழவழவென்று, வெள்ளை பூத்து, நகத்தின் ஓரம் வெடித்திருந்தது. "இருவது வருசமா கலவை தூக்குறேன் சார், ரேகைக்கு எங்க போறது? நீங்க பாக்குறீங்கல்ல, எழுதிக்கங்க."

எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். மெஷின் கணக்கைத்தான் எடுப்போம் என்று ஹெட் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். சண்டை போட்டு அடுத்த வாரம் பாக்கியை வாங்கிக் கொடுத்தோம். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் குறைந்த கூலியோடுதான் வீட்டுக்குப் போனார். அது இன்னும் மனதை அரிக்கிறது.

பெயின்டிங் கான்ட்ராக்டர், அம்பத்தூர்

சிமென்ட் வேலை நடக்கிற இடத்தில் கைரேகை மெஷினை யார் வைக்கச் சொன்னது? சிமென்ட்டின் காரத்தில் தோல் உரியும் என்பது சித்தாளுக்கே தெரியும், வாங்கிய ஆபீஸுக்குத் தெரியாதா? முகத்தைப் படம் எடுக்கும் ஆப் போட்டிருந்தால் அந்த அம்மாவுக்கு இந்த நிலை வந்திருக்காது. நான் அதைத்தான் போட்டேன்.

என்னை உறுத்துவது வேறு. மேஸ்திரி நோட்டில் 12 ஆள், ஆப்பில் 9 பேர். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "அந்த மூணு ஆள் கூலிலதான் சார் ஊர்ல அட்வான்ஸ் குடுத்து ஆள் எறக்குறேன். ஒருத்தன் காசை வாங்கிட்டு வராம போனா நீங்களா குடுப்பீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. பொய்க் கணக்கு பொய்க் கணக்குதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஆள் கூட்டி வரும் செலவை நாங்கள் யாரும் கணக்கில் எழுதியதே கிடையாது. அது இத்தனை வருடமும் அந்த மூன்று பேருக்குள் ஒளிந்திருந்தது. இப்போது தலைக்கு இவ்வளவு என்று கமிஷனை வெளிப்படையாகப் போட்டுத் தருகிறேன். அதற்குப் பிறகு நோட்டும் ஆப்பும் ஒத்துப் போகின்றன.

எலக்ட்ரீஷியன், போரூர்

ஆப் போட்டவர்கள் எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்வீங்க. போன் என்னுடையது, டேட்டா என் காசு, பேட்டரியும் என்னுடையது. ஆப்பின் மேப்பில் சைட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டினால் வேலையில் இல்லை என்று அர்த்தமாம்.

டிபி பாக்ஸுக்கு, அதாவது கரண்ட் பிரிக்கிற பெட்டிக்கு, எம்சிபி ஸ்விட்ச் பற்றவில்லை, பாரிமுனைக்குப் போய் வாங்கிட்டு வா என்று அனுப்பியதே சூப்பர்வைசர். கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஆபீஸிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பாரிமுனை மேப், அதில் சிவப்புப் புள்ளி, கீழே ஒரு கேள்விக்குறி. வேறு ஒரு வார்த்தை இல்லை. கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டியபடி நிற்கிறார், நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னைத் திருடனைப் பிடித்த மாதிரி இருந்தது. பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்படியும் அன்றைக்கு அரை நாள் வெட்டு.

கொத்தனார், மாதவரம்

நான் மழையைப் பற்றிச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம ஊரில் வேலை எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். முன்பெல்லாம் வேலை ஆரம்பித்து டீ நேரம் தாண்டிவிட்டால், அப்புறம் மழை வந்து நின்றாலும் அரை நாள் கூலி உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. மேஸ்திரிக்கும் தெரியும், ஓனருக்கும் தெரியும்.

ஆப் வந்த பிறகு நிமிடக் கணக்கு. போன மழைக்காலத்தில் ஒரு நாள், தளம் போட முட்டுக் கொடுத்து வைத்திருக்கும் சென்ட்ரிங் ஷீட்டுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு நிற்கிறோம். கூட இருந்த பையன் போனைத் திறந்து பார்த்தான். வேலை நேரம் 1 மணி 50 நிமிடம் என்று காட்டுகிறது. "அண்ணே, இதுக்கு எவ்ளோ வரும்?" என்று கேட்டான். ஒரிசாக்காரப் பையன், இங்கே வந்து தமிழ் கற்றுக்கொண்டவன். பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் போக என்ன மிஞ்சும் என்று அவனும் நானும் கணக்குப் போட்டோம். ஒன்றும் மிஞ்சவில்லை.

இன்னொன்று. தளம் போடுகிற நாளில் காங்கிரீட்டைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. விட்டால் அந்த இடத்தில் இணைப்பு விழுந்து நாளைக்குத் தண்ணீர் ஒழுகும். ராத்திரி 9 மணி ஆனாலும் முடித்துவிட்டுத்தான் இறங்குவோம். ஆனால் ஆப் 6 மணிக்குத் தானாகவே 'அவுட்' போட்டுவிடுகிறது. மழைக்கு மட்டும் நிமிடம் எண்ணத் தெரிகிறதா?

கணக்கு எழுதுபவர், அண்ணா நகர்

சின்ன கட்டுமான நிறுவனங்கள் சிலவற்றுக்குச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். என் அனுபவம் சின்னதுதான். கம்பி கட்டுகிற ஒருவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய வேலைச் சான்று கேட்டு வந்தார். மஸ்டர் ரோலில், அதாவது ஆள் வருகைப் பதிவேட்டில், அவர் பெயரே இல்லை. 'மேஸ்திரி மற்றும் 8 பேர்' என்று மட்டும் இருந்தது. அந்த எட்டில் ஒருவர் என் மேசைக்கு முன்னால் நிற்கிறார்.

மெஷின் வைக்கப் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். சட்டப்படி 12 மாதத்தில் 90 நாள் கட்டுமான வேலை செய்தவர், வயது 18 முதல் 60-க்குள் இருந்தால், பதிவு செய்துகொள்ளலாம். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல நிதி என்று கட்டுகிறீர்களே, அது அவருக்காகத்தான். ஆள் பெயரோடு தினமும் பதிவு இருந்தால் அந்த 90 நாளுக்கு ஆதாரம் கையிலேயே இருக்கிறது.

கொத்தனார் அண்ணன் சொன்னது நியாயம். கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு கூலி என்பது சட்டம். தானாக 'அவுட்' போடும் வசதியைத் தளம் போடும் நாளில் நிறுத்தி வைக்க முடியும், அதைச் செய்யாதது ஆபீஸின் சோம்பல். மழை நாளுக்கு அரை நாள் என்ற பழைய வழக்கத்தை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். மெஷின் கணக்கை வெள்ளிக்கிழமை சாயங்காலமே சைட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். தப்பிருந்தால் சனிக்கிழமைக்குள் திருத்திவிடலாம். பொருள் வாங்க அனுப்பினால் அனுப்புகிறவரே ஆப்பில் பதிவு போட வேண்டும், போகிறவர் போடக் கூடாது. பேஸ்மென்டில் சிக்னல் இருக்காது, சிக்னல் இல்லாமலும் பதிவாகி அப்புறம் ஏறுகிற ஆப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஆளுக்கு ஒரு போன் கேட்காதீர்கள், கேட்டில் ஒரு போன் போதும். பெண்கள் பலருடைய போன் வீட்டுக்காரரிடம்தான் இருக்கும். அம்பத்தூர் சார் முகத்தைப் படம் எடுப்பது சுலபம் என்கிறார். ஆள் வேலையை விட்டுப் போன பிறகு அந்தப் படங்களை என்ன செய்கிறார் என்றும் சொல்லட்டும். தனிநபர் தரவுக்கென்று 2023-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது.

பெயின்டிங் கான்ட்ராக்டர், அம்பத்தூர்

அழிக்கவில்லை, அப்படியேதான் இருக்கிறது. கேட்டதில் தப்பில்லை, அழித்துவிடச் சொல்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை படித்துக் காட்டுவதெல்லாம் பத்துப் பேர் இருக்கும் இடத்தில் நடக்கும். ஓ.எம்.ஆர். பக்கம் இருநூறு பேர் வேலை செய்கிற சைட்டில் யார் நின்று படிப்பது?

சென்ட்ரிங் வேலை, பெரும்பாக்கம்

இருநூறு பேருக்குக் கூலி எண்ணிக் கொடுக்க ஆள் இருக்கிறதல்லவா சார், படிக்கவும் ஆள் இருக்கும்.

கணக்கு மேடத்திடம் ஒன்று கேட்கணும். நான் ஒரு வருடத்தில் மூன்று கான்ட்ராக்டரிடம் வேலை செய்தேன். மூன்று இடத்திலும் என் முகம் இருக்கிறது. போன வாரம் பழைய சைட்டுக்குப் போய் என் நாள் கணக்கைக் கேட்டேன். ஆப்பை மாற்றிவிட்டோம், பழையது திறக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்களை இனி யாரிடம் போய்க் கேட்பது?