மனம் கலங்கியிருக்கும் சக ஊழியரை எப்படி அணுகுவது?

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி அருகே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். பெங்களூரா மாம்பழம் வந்து குவியும் இப்பருவத்தில் இரவுப் பணி எல்லோரையும் வாட்டும் என்றாலும், எங்களுடன் இருக்கும் மூத்த அண்ணன் ஒருவர், மனைவியை இழந்த பிறகு, சிறு பிழைக்கும் பருவகாலத் தொழிலாளர்களிடம் சீறுவதும், பின்னர் கிடங்கின் பின்புறம் தனியே அமர்ந்து அழுவதுமாக இருக்கிறார். திட்டு வாங்கும் பெண்கள் வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மேலாளரிடம் சொன்னால், உதவி கிடைக்கும் முன்பே அண்ணனுக்கு வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறேன் (எங்கள் மேலாளர் பொறுமைக்குப் பெயர் பெற்றவர் அல்லர்).

டெலி மானஸ் எனும் 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது என்பதையும், அதில் தமிழிலேயே பேசலாம் என்பதையும் அறிவேன். ஆனால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டுவிடக்கூடியவரிடம் அந்த எண்ணை எப்படிக் கொடுப்பது? அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உறவினரையோ நண்பரையோ அழைத்துச் சென்றவர்கள், அவரை எவ்வாறு சம்மதிக்க வைத்தீர்கள் என்று எழுதுங்கள். அவர் சீறும்போதே குறுக்கிட்டுத் தொழிலாளர்களை விலக்கி அனுப்புவது நல்லதா, தணிந்த பின் தனியே பேசுவது நல்லதா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.